மாசி மாதத்து மலையோடையும் பவானிப் பாசனமும்

பவானிப் பாசனத்தைச் சேர்ந்த விவசாயிகள் தை பிறந்தது முதல் அணையின் நீர்மட்டத்தைப் பத்திரிகையில் பார்த்துக் கணக்கிட்டு வருவது வழக்கமாயிருக்கிறது. இத்தனை அடி நின்றால் புன்செய்ப் பயிருக்குக் கடைசித் தண்ணீர் வரும், இத்தனைக்குக் கீழே இறங்கினால் கடைமடைக்கு வராது என்பது கீழ்பவானி வாய்க்காலின் நெடுகிலும் பேசப்படும் பேச்சு. கணக்கு சரியே. ஆயினும் அது சேர்ந்து நிற்கும் நீரின் கணக்கேயன்றி, வந்துகொண்டிருக்கும் நீரின் கணக்கன்று. பவானியில் கோடையில் வரும் நீர் எங்கே பிறக்கிறது, எந்த நிலையில் பிறக்கிறது என்பதை அறிய வேண்டுமானால் நீலகிரியின் மேற்குக் கோடியில், கடல் மட்டத்திற்கு ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஓடும் சிற்றோடைகளைப் பார்க்க வேண்டும். அவற்றை மாசி, பங்குனி மாதங்களில் உற்று நோக்கி வந்தவர்கள் விவசாயிகள் அல்லர். தூண்டிலில் பொய் ஈயைக் கட்டி டிரௌட் என்னும் அயல்நாட்டு மீனைப் பிடிக்கச் சென்றவர்கள். அவர்கள் நாடியது மீனை. ஆனால் அம்மீனுக்காக அவர்கள் பார்த்த குறிகள் யாவும் கொங்கு நாட்டு உழவனுக்கு வேண்டிய குறிகளே என்பதை எடுத்துக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிரௌட் நம் நாட்டு மீனன்று. சென்னை இராணுவத்தில் வைத்தியராயிருந்து, பின்னர் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே என்பவர் 1863இல் இங்கிலாந்திலிருந்து அதன் முட்டைகளை நீலகிரிக்குக் கொணர முயன்றார். கப்பற் பயணத்தின் வெப்பத்தில் அவை கெட்டுப் போயின. அதன் பிறகும் பல முறை முயன்றனர். 1907இல் எச். சி. வில்ஸன் என்னும் மீன்வளர்ப்பு நிபுணரின் பொறுப்பில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்ட பின்னரே, இலங்கை மலைகளில் ஏற்கெனவே பழகியிருந்த வானவில் டிரௌட் இனம் இங்கு நிலைத்தது. அதன் பூர்விகம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர ஆறுகள். அதே 1907இல் சென்னை மாகாண மீன்வளக் காரியாலயம் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் சர் பிரெடரிக் நிக்கல்ஸன். கோயமுத்தூர் ஜில்லாவின் மண்ணையும் கிணற்றையும் பயிரையும் நுணுகி ஆராய்ந்து 1887இல் ஜில்லா மானுவலைத் தொகுத்தவரும் அவரே. கிணற்று நீரை அளந்த கை மீன் காரியத்திற்கும் சென்றது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அவ்விரண்டும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள் என்பதை அறிந்தவர்க்கு அது வியப்பாகத் தோன்றாது.

இம்மீனின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் அவசியம். இதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். பத்து முதல் பதினாறு சென்டிகிரேட் டிகிரி வரையிலான நீரில் நன்றாக இரை தின்று வளரும். இருபதைத் தாண்டினால் சோர்வடையும். இருபத்தைந்தை எட்டி நெடுநேரம் நின்றால் பிழைப்பது அரிது. காரணம் வெப்பம் மட்டுமன்று. நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவையே மீன் சுவாசிக்கிறது. நீர் சூடாக ஆக அவ்வாயு அதில் குறைந்து போகும். கடல் மட்டத்தில் பத்து டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் கரையுமானால், இருபத்தைந்து டிகிரியில் சுமார் 8 மில்லிகிராமே கரையும். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றே இலேசாயிருப்பதால் இவ்விரண்டு அளவுகளிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிடும். ஆகையால் மலையோடை சமவெளி ஆற்றைக் காட்டிலும் குளிர்ச்சியாயிருந்தால்தான் ஈடாகும். மேலும், இம்மீன் குளிர்காலத்தில் ஓடையின் கூழாங்கற்களுக்கிடையே குழி பறித்து முட்டையிடும். கற்களினூடே தெளிந்த நீர் புகுந்து செல்ல வேண்டும். வண்டல் படிந்து இடுக்குகளை அடைத்தால் முட்டைகள் மூச்சுத் திணறி அழுகிவிடும்.

ஐரோப்பியர் மாசி, பங்குனியை வசந்தத்தின் தொடக்கம் என்பர். நம் கணக்கில் அது பின்பனிக் காலம். அவர்கள் நாட்டிலும் நம் காசுமீரத்திலும் அப்பருவத்து ஓடையின் நிலை நீலகிரி ஓடைக்கு நேர்மாறானது. அங்கே சிகரங்களின் பனிக்கட்டி உருகி, லித்தர் போன்ற ஆறுகள் நாள்தோறும் பெருகும். நீர் கலங்கிக் கடுங்குளிர்ச்சியாகப் பாயும். தூண்டிற்காரன் வெள்ளம் வடியும்வரை காத்திருப்பான். நீலகிரியில் உருகுவதற்குப் பனிமலை கிடையாது. மேற்கு ஓரத்து மலைகளில் ஆனி முதல் ஆவணி வரை கொட்டுவது தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஓரளவு பெய்யும். மார்கழிக்குப் பிறகு சித்திரைக் கோடை மழை விழும் வரை வானத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றும் வருவதில்லை. எனவே மாசியில் ஓடும் ஒவ்வொரு துளியும் ஆறேழு மாதங்களுக்கு முன் பெய்து, புல்வெளியின் வேர்ப்பற்றிலும், பள்ளத்துச் சதுப்பிலும், சோலைக்காட்டின் இலைமட்கிலும் தங்கி, மெல்ல மெல்லக் கசிந்து வருவதாகும். ஆடி மழையை மலை எவ்வளவு வாங்கி வைத்தது என்பதற்கு மாசி ஓடையே சாட்சி.

இத்தகைய ஓடையில் அனுபவமுள்ள தூண்டிற்காரன் எதை எதைக் கவனித்தான்? முதலில் நீரின் அளவை. கல்லுக்குக் கல் தாவும் சிறு வீழ்ச்சிகள் அறாமல் ஓடுகின்றனவா, அன்றி மடுவுக்கு மடு தனித்து நிற்கிறதா என்று பார்த்தான். அறாமல் ஓடினால் நீர் வழிநெடுகக் காற்றை வாங்கிக்கொள்ளும். தனித்து நின்றால் மடுவிலுள்ள மீன் சிறைப்பட்டதாகும். அடுத்தது தெளிவு. மாசி நீர் பளிங்காயிருக்கும். அதில் மீன் மனிதனை வெகு தூரத்திலேயே கண்டுவிடும். டிரௌட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து, கல்லின் பின்புறத்து அமைதியில் நின்று, மிதந்து வரும் பூச்சியைக் கவ்வும் இயல்புடையது. ஆகவே அவன் பின்புறமாக, கீழிருந்து மேலாக ஓடையில் ஏறுவான். நிழல் நீரில் விழாதபடி குனிவான். மயிரிழை போன்ற நூலையும் கடுகளவு ஈயையும் உபயோகிப்பான். சிறிது காற்றடித்து நீர்ப்பரப்பு சுருங்கினால் அவனுக்கு நல்லது. இரவில் பள்ளங்களில் உறைபனி விழுவதால் விடியற்காலையில் மீன் அசைவதில்லை. வெயிலேறி நீர் இளகும் முற்பகலிலும், மறுபடி பொழுது சாய்வதற்கு முன்னுமே மேலெழுந்து இரை கொள்ளும்.

மூன்றாவது குறி பூச்சி. ஓடைக் கல்லைப் புரட்டினால் அடிப்புறத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புழுக்களைக் காணலாம். இவை நீரிலேயே பல மாதங்கள் வளர்ந்து, இறகு முளைத்து வெளிவந்து, ஓரிரு நாட்களே பறந்து, முட்டையிட்டு மாளும் ஈ இனங்களின் இளம்பருவம். சில சிறு மணல்களை ஒட்டித் தமக்குக் கூடு கட்டிக்கொள்ளும். டிரௌட்டிற்கு முக்கிய இரை இவையே. தூண்டிற்காரன் கட்டும் பொய் ஈ இவற்றின் பாவனையே ஆகும். முள்ளின்மேல் சேவலின் கழுத்திறகைச் சுற்றி அதனைச் செய்வர். அத்தொழிலில் உலகெங்கும் புகழ் பெற்ற ஓர் இறகு நம் மலையடிவாரத்துச் சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்தில் மெழுகு பூசினாற்போல் மின்னும் இறகு. பிற்காலத்தில் அப்பறவையைக் காக்கும் பொருட்டு அதன் ஏற்றுமதி தடுக்கப்பட்டது நன்றே. இங்குக் கவனிக்கத்தக்கது, இப்பூச்சிப் புழுக்கள் மீனைக் காட்டிலும் மென்மையானவை என்பது. வண்டல் படிந்தாலும், தோட்டத்திலிருந்து பூச்சிமருந்து கழுவி வந்தாலும் முதலில் மடிவன இவையே. மீன் பிறகுதான் மடியும். மனிதனுக்குத் தெரிவதோ அதற்கும் பிறகு.

அளவு, தெளிவு, குளிர்ச்சி, பூச்சி ஆகிய இந்நான்கும் ஓடையில் சரியாயிருந்தால் மீன்பிடிப்பு நன்றாயிருக்கும் என்று தூண்டிற்காரன் முடிவு செய்தான். விவசாயி அதே நான்கிலிருந்து வேறொரு முடிவைப் பெறலாம். நீரின் அளவு அறாதிருந்தால் மலை மழையை உள்வாங்கியிருக்கிறது. தெளிந்திருந்தால் மண் மலையிலேயே நிற்கிறது. அணைக்குள் வந்து சேரவில்லை. குளிர்ந்திருந்தால் நீர் நிலத்தினூடே கசிந்து வருகிறது; பூச்சி நிறைந்திருந்தால் அது நஞ்சின்றி வருகிறது.

‘அவலாஞ்சி எங்கே, கோபி எங்கே?’ என்று சிலர் கேட்கலாம். வழி இதுவே: அவலாஞ்சி, எமரால்டு ஓடைகள் குந்தா ஆற்றைச் சேர்ந்தவை, குந்தா பில்லூரருகே பவானியில் கலக்கிறது. பவானியோ மேல்பவானியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் நம் பக்கம் திரும்பி மேட்டுப்பாளையத்திற்கு வருகிறது. முக்குருத்தி, பைக்காரா ஓடைகளின் நீர் மாயாற்றின் வழியே இறங்கிப் பவானிசாகர் அணையில் சேர்கிறது. 1955இல் முடிவுற்ற அவ்வணையின் கீழ் இரண்டு இலட்சத்து ஏழாயிரம் ஏக்கர். அதற்கும் கீழே கொடிவேரி அணையின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள். அதற்கும் கீழே பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காளிங்கராயன் வாய்க்கால். இவை போதாதென்று 2024 ஆகஸ்டு மாதத்தில் தொடங்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே செல்லும் உபரி நீரை ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் நோக்கமுடையது. கோயமுத்தூர் நகரத்துக் குடிநீரில் பெரும் பகுதி பில்லூரிலிருந்து செல்கிறது. இத்தனை வாய்களும் ஒரே மலையின் கசிவை நம்பியிருக்கின்றன. அமராவதிப் பாசனத்தார்க்கும் இது பொருந்தும். அவர்களுடைய பாம்பாறு பிறக்கும் மூணாற்றுப் பக்கத்து மலைகளும் டிரௌட் ஓடைகளுக்குப் பெயர் பெற்றவையே.

மாசிக் கசிவு பயிர்க் கணக்கில் எவ்வளவு என்பதையும் பார்க்கலாம். தாண்டிக் கடக்கத்தக்க ஒரு சிற்றோடை வினாடிக்கு ஒரு கன அடி நீர் தருவதாகக் கொள்வோம். தை முதல் சித்திரை வரையிலான 120 நாட்களில் அது ஒரு கோடியே மூன்று இலட்சம் கன அடிக்கு மேல் தரும். நிலக்கடலைக்கு மொத்தம் இருபது அங்குலத் தண்ணீர் தேவை என்று வைத்தால் ஏக்கருக்கு 72,600 கன அடி. ஆற்றிலும் வாய்க்காலிலும் பாதி நீர் வீணாகிவிட்டது என்று கழித்தாலும் எழுபது ஏக்கர் கடலை அந்த ஓர் ஓடையில் விளையும். இத்தகைய ஓடைகள் நீலகிரியில் நூற்றுக்கணக்கில் உள்ளன. கீழ்பவானியில் மார்கழி முதல் சித்திரை வரை விடப்படும் இரண்டாம் தண்ணீர் ஆயக்கட்டில் ஒரு பாதிக்குப் புன்செய்ப் பயிர் தருவது. அதன் கடைசி இரண்டு நனைப்புக்கள்தான் கடலை திரளுமா, பொக்காகுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இனி ஒரு தடை கூறப்படலாம். கோடையில் பில்லூருக்கும் பவானிசாகருக்கும் வரும் நீர் பெரும்பாலும் மின்சார நிலையங்கள் விடுவதுதானே, ஓடை எப்படியிருந்தாலென்ன? கேள்வி நியாயமானது. பைக்காராவில் 1932இல் மின்சாரம் உற்பத்தியான காலந்தொட்டு மலைநீர் அணைகளில் தேங்கி, குழாய்களில் இறங்கி, விசைச் சக்கரங்களைச் சுழற்றிய பின்னரே சமவெளிக்கு வருகிறது. அம்மின்சாரமே கோயமுத்தூர் ஆலைகளை ஓட்டியது. கவலை மாடுகளுக்கு ஓய்வு தந்து கிணறுகளில் பம்புகளை வைத்தது. 1960களில் குந்தாத் திட்டத்தின் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் எழுந்தன. ஆயினும் தடைக்குள்ளேயே விடை இருக்கிறது. அணை இருப்பதனாலேயே கீழே வரும் நீரைக் கொண்டு மலையின் உடல்நிலையை அறிய முடியாது. மலை பத்து வருஷம் மெலிந்து வந்தாலும் தேக்கம் அதனை மறைத்துவிடும். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் திடீரென்று எல்லாம் வெளிப்படும். அணைகளுக்கு மேலே, மனிதன் கைவைக்காத ஓடைகளில் மட்டுமே உண்மையான கசிவு கண்ணுக்குத் தெரியும். அவையே டிரௌட் ஓடைகள். ஆதலால் அங்கே அளக்காமல் பவானிசாகரில் மட்டும் அளப்பது அரைக் கணக்காகும்.

மலை மெலிந்திருக்கிறதா என்றால், மெலிந்திருக்கிறது என்று கருதவே காரணங்கள் உள்ளன. பழைய காலத்தில் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளை வீண் நிலம் என்று எண்ணி, சென்ற நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் சீகைமரமும் கற்பூரமரமும் நட்டனர். சீகைப்பட்டை தோல் பதனிடவும், கற்பூரமரம் செயற்கைப் பட்டு நூலுக்கான மரக்கூழுக்கும் வேண்டியிருந்தன. அக்காலத்தில் அது சர்க்காருக்கு வருமானம், கூலிக்காரருக்கு வேலை. நட்டவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆனால் உதகமண்டலத்து மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் க்ளென்மார்கன் என்னுமிடத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டு நடத்திய சோதனை யாவரும் அறியத்தக்கது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டனர். மற்றதில் 1972இல் கற்பூரமரம் நட்டனர். முதற் பத்து வருஷத்தில் மரம் வைத்த பகுதியின் நீர்வரத்து 100க்கு 16 வீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு தழைத்த இரண்டாம் பத்து வருஷத்தில் குறைவு 100க்கு சுமார் 25 ஆயிற்று. கொங்கு விவசாயிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வரப்போரத்தில் தைலமரம் வைத்தவனுடைய பக்கத்துக் கிணறு என்ன ஆகும் என்பதை அவன் கண்டிருக்கிறான். மலையின் கற்பூரமரம் சமவெளியின் தைலமரத்திற்கு நெருங்கிய உறவு. மலைப்புல் உறைபனியில் கருகி, மாசி முழுவதும் உறங்குகிறது. அப்பொழுது நீர் உறிஞ்சுவதில்லை. எப்போதும் பசுமையாயுள்ள மரமோ வறட்சி மிகுந்த அந்நாட்களிலும் ஓயாமல் உறிஞ்சுகிறது. ஓடைக்கு நிழல் தருகிறதே என்று அதற்காகப் பரிந்து பேசுபவரும் உளர். நிழல் வேண்டியதே, அதனை ஓடையோரத்துச் சோலை மரங்கள் தருகின்றன.

மற்றொரு காரணம் சரிவுகளிலுள்ள காய்கறிச் சாகுபடி. உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிடும் மலை விவசாயி ஏழையே. அவனைக் குற்றவாளியாக்கிப் பேசுவது எளிது, நியாயமன்று. அவன் விளைவு வந்து குவியும் மண்டி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. அங்கே பேரம் பேசி வாங்குவோரில் கொங்கு நாட்டாரும் உண்டு. ஆனால் சரிவின் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால் ஒரு பெருமழையில் மேல்மண் ஓடைக்குப் போகும் என்பது எவரும் மறுக்க முடியாதது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அன்று இறங்கிய மண்ணை யார் அளந்தார்? பில்லூர் அணையில் வண்டல் மிகுந்து கொள்ளளவு குறைந்திருப்பது பல வருஷங்களாகப் பேசப்பட்டு வருகிறது. சமவெளியில் மண் காப்பு வரப்புக்குப் பணம் செலவிடும் விவசாயி, தன் வாய்க்காலுக்கு நீர் அனுப்பும் சரிவில் சமமட்ட வரப்பும் ஓடையோரத்தில் பத்தடிப் புல்வேலியும் அமைய வேண்டுமென்று ஒரு வார்த்தையாவது கேட்டிருக்க வேண்டும்.

அயல் மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பது பற்றி நீதிமன்றத்தின் உத்தரவுகளும், 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கையும் உள்ளன. இவ்விஷயத்தில் அவசரம் கூடாது. செங்குத்தான சரிவில் சீகையை ஒரே மூச்சில் வெட்டினால் வெறும் மண் மழைக்குத் திறந்து கிடக்கும். விதைக்குவியலிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகச் சீகையே முளைக்கும். துண்டு துண்டாக வெட்டி, வெட்டிய இடத்தில் புல் பிடித்த பின் அடுத்த துண்டுக்குப் போவதே முறை. அது மெதுவான வேலை. வருஷந்தோறும் பணம் ஒதுக்க வேண்டிய வேலை. கேட்பார் இல்லாத வேலைக்குப் பணம் ஒதுக்கப்படுவதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்களில் நீலகிரி வாசிகளைவிடப் பவானி ஆயக்கட்டுதாரர் அதிகம். அவர்கள் இதுவரை கேட்டதெல்லாம் அணையைத் திறக்கும் தேதியைத்தான்.

டிரௌட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இது கொடிய பசியுடைய மீன். நம் மலையோடைகளின் சிறு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் தின்னக்கூடியது. புதிய ஓடைகளில் இதனை விடுவது தகாது. முக்குருத்தி 1990 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே தூண்டில் போடுவது சட்டப்படி ஆகாது; அதுவும் சரியே. 1879இல் நீலகிரிக்கென்று வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று செய்த துரைமார்கள் தங்கள் விளையாட்டுக்காகவே அதனைச் செய்தார்கள் என்று கூறுவாரும் உளர்; பெரும்பாலும் உண்மைதான். ஆனால் விளையாட்டுக்காகவேனும் ஓடையை வருஷந்தோறும் நடந்து பார்த்த வழக்கம் ஒன்று இருந்தது. தூண்டில் போன பிறகு அந்தப் பார்வையும் போய்விட்டது. மீன் வேண்டாம், பார்வை வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கது இது. அணைகளுக்கு மேலே, மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு, முக்குருத்தி, பைக்காரா, பார்சன்ஸ் பள்ளத்தாக்கு ஆகிய ஆறு நீர்ப்பிடிப்புகளிலும் ஒவ்வோர் ஓடையைத் தெரிந்தெடுத்து, முக்கோண வாயுள்ள அளவுப் பலகை ஒன்றை நிலையாகப் பதித்துவிட வேண்டும். மாசி முதல் வாரத்திலும் பங்குனி கடைசி வாரத்திலுமாக வருஷத்திற்கு இரண்டே முறை அதில் வழியும் நீரின் உயரத்தைக் குறித்தால் போதும். கூடவே நண்பகலில் உஷ்ணமானியை ஓடையில் வைத்து வெப்பத்தையும், கண்ணாடிக் குழாயில் நீரெடுத்து அடியில் படியும் வண்டலையும் பார்க்க வேண்டும். பத்துக் கற்களைப் புரட்டி அவற்றில் புழு ஒட்டியிருப்பவை எத்தனை என்று எண்ண வேண்டும். மின்வாரியத்தாரும் வனத்துறையாரும் எப்படியும் அவ்விடங்களுக்குப் போய் வருகிறவர்கள். புதிய சிப்பந்தி ஒருவரும் வேண்டியதில்லை. கிடைத்த எண்களை அணையின் நீர்மட்டத்தோடு சேர்த்து நீர்வளத் துறையார் ஆயக்கட்டு முழுவதற்கும் அறிவிக்க வேண்டும். முதல் ஐந்து வருஷத்தில் அந்த எண்கள் பெரிதாக ஒன்றும் சொல்லா. பத்து வருஷம் சேர்ந்தால், மழை சமமாகப் பெய்த இரண்டு வருஷங்களை எடுத்து, ஓடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாமரனும் கண்டுகொள்வான். சீகை வெட்டிய சரிவின் கீழ் நீர் கூடியதா என்ற விவாதமும் அப்போது பேச்சில் நில்லாமல் எண்ணில் நிற்கும்.

இதற்கான கோரிக்கையைக் கீழ்பவானி, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காளிங்கராயன் பாசன சபைகள் தனித்தனியே அனுப்பாமல் சேர்ந்து அனுப்புவது நலம். தண்ணீர்ப் பங்கீட்டில் இவர்கள் ஒருவரோடொருவர் வழக்காடி வருவது தெரிந்ததே. ஆனால் பங்கிடுவதற்கு முன் நீர் பிறக்க வேண்டும் என்பதில் வழக்கு இருக்க முடியாது. கிராம நிர்வாக அதிகாரிகளும் தம் பங்கிற்கு ஒன்று செய்யலாம். மலையில் அளவெடுக்கும் அதே மாசி முதல் வாரத்தில், தம் கிராமத்தில் வாய்க்காலுக்கு அருகே ஒன்று, நடுவே ஒன்று, கடைக்கோடியில் ஒன்று என மூன்று திறந்த கிணறுகளில், காலையில் பம்பு ஓட்டுவதற்கு முன், கல்கட்டின் விளிம்பிலிருந்து நீர்ப்பரப்பு வரை கயிறு விட்டு அளந்து, தேதியோடு பயிர்க் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைக்கலாம்.